ஐந்து வார்த்தைக்குள் ஓடெல் டக்கெட்

ஓடெல் டக்கெட்டைப் பற்றி எங்கள் வட கரோலினா பக்கத்தில் உலவும் கதைகளில் பாதி தவறு. 1994 செப்டம்பரில் நடந்த கார் பந்தயத்தன்று அவன் அரங்கத்தின் கூரை மேல் தூங்கிவிட்டான் என்பது தவறு. குடித்திருந்தான் என்பது அதைவிடத் தவறு. அவன் பாப்டிஸ்ட், அதுவும் மனைவிக்குப் பயந்த பாப்டிஸ்ட். அந்தச் சபையார் குடியைத் தொடமாட்டார்கள், கோயில் விருந்தில் ஒரு பருக்கை விடமாட்டார்கள். நான் அந்தக் கூரைக்கு நேர் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து சுற்றுக்கணக்கு எழுதுகிறவன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும்.

வாரநாட்களில் ஓடெல் காலுறை ஆலையில் வேலை பார்த்தான். அங்கே இயந்திர இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை வாய்க்குள் தேங்கியதெல்லாம் சனிக்கிழமை பந்தயக் கூரைக்கு வந்து சேரும். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் மாட்டிய ஓட்டுநருக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். பக்கவாட்டில் எவன் உரசிக்கொண்டு வருகிறான் என்று கூரையில் நிற்பவன்தான் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஓடெல், எழுபத்தொன்றாம் எண் காரை ஓட்டிய லமார் ஸ்பைவிக்குக் கண்ணாக இருந்தான். ஆனால் அந்தக் கண்ணுக்கு வாய் பெரிது.

"உள்பக்கம் ஒருத்தன் வர்றான் லமார். எங்க மாமியா மாதிரி கோவமா வர்றான், விட்டுரு. ம், கிளியர். மாமியான்னதும் ஞாபகம் வருது..." என்று அரை மைல் நீள்வட்டப் பாதை முழுக்கப் பேச்சு ஓடும்.

இதைக் கேட்டது லமார் மட்டுமல்ல. எங்கள் ஊரில் பந்தயம் பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டும் ரேடியோவையும் வாடகைக்கு எடுப்பார்கள்; எந்தக் காரின் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம். அதற்கென்று படிக்கட்டுக்கு அடியில் பியூஃபர்ட் என்பவர் கடை போட்டிருந்தார். வேறு காருக்குக் கைதட்டுகிறவர்கள்கூட எழுபத்தொன்றின் அலைவரிசையைத்தான் கேட்டார்கள் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் செப்டம்பர் பந்தயத்துக்கு முந்திய சனிக்கிழமை ஓடெல் தன் மச்சான் க்ளோவிஸின் கதையை எடுத்தான். ஞாயிறு காலை தேவாலயக் கோபுரத்தில் மணியைச் சரிசெய்ய க்ளோவிஸ் ஏறினான்; ஏணி சரிந்து விழுந்துவிட்டது; கீழே ஆராதனையும் தொடங்கிவிட்டது. ஆராதனை நடுவே கத்த முடியுமா? அந்த இடத்தில் கதையின் சுவையில் ஓடெல் "வெளிப்பக்கம்" என்று சொல்லத் தாமதித்தான். லமார் காரோடு பாதையோரச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார். கதை அப்படியே நின்றது.

காரின் முதலாளி வெர்லீன் ஹட்சன்ஸ் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். காரின் மூக்கில் வரைந்திருந்த கோழி சுவரில் பட்டு நசுங்கியது அவருக்குப் பொறுக்கவில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம், கிளியர், மஞ்சள், நிறுத்து: இனி ரேடியோவில் இந்த ஐந்தைத் தவிர வேறு பேச்சு கூடாது என்றார்.

"ஆறாவது வார்த்தை வந்துச்சுன்னா, நீ ஏணில இறங்குறப்ப எங்க அண்ணன் மகன் ஏறிக்கிட்டிருப்பான்."

ஓடெல் பயந்துபோனான். கூரை போனால் அவனுக்கு மிஞ்சுவது ஆலைதான். வாரம் முழுக்க வீட்டில்கூட வாயைக் கட்டிப் பழகினானாம். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கையால் காட்டிக் கேட்டான் என்றும், மனைவி அவனை டாக்டரிடம் அழைத்துப் போகப் பார்த்தாள் என்றும் அவளே சொன்னாள்.

மறு சனிக்கிழமை, இருநூறு சுற்றுப் பந்தயம். ஆரம்ப நெரிசலில் ஐந்து வார்த்தையும் ஒழுங்காக வேலை செய்தன. பிறகு கார்கள் விலகி விலகி ஓடத் தொடங்கின. மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்த லமாரின் பக்கத்தில் யாருமே இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் ஓடெல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சுற்று, ஐந்து சுற்று, பத்துச் சுற்று.

"ஓடெல், கேக்குதா?" என்றார் லமார்.

ஐந்து வார்த்தையில் 'ஆமாம்' கிடையாது. ஓடெல் கூரையின் விளிம்புக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினான். லமாருக்கு அது தெரிய வழியில்லை. ரேடியோ செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பந்தயத்தின் நடுவே காரைப் பழுது பார்க்குமிடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். நன்றாக இருந்த ரேடியோவைக் கழற்றிப் புதியதை மாட்டி அனுப்பினார்கள். மூன்று சுற்று பின்தங்கியாயிற்று.

பாதையில் ஆபத்து என்று காட்டும் மஞ்சள் கொடி அடுத்து விழுந்து எல்லாரும் மெதுவாகச் சுற்றியபோது லமார் மறுபடி கேட்டார்.

"டேய், உசுரோட இருக்கியா?"

இந்தத் தடவை பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று ஓடெல் தெளிந்திருந்தான். "கிளியர்" என்றான்.

"எம்மேல கோவமா?"

"கிளியர்."

"எனக்குப் பயமா இருக்குடா."

ஓடெல் ஐந்து வார்த்தையையும் விரல்விட்டுப் பார்த்தான். "மஞ்சள்" என்றான்.

இதற்குள் பியூஃபர்ட் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பேச்சு வரவில்லையென்று வாடகை ரேடியோவைத் தட்டுகிறார்கள், குலுக்குகிறார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். இருந்த பேட்டரியையெல்லாம் மாற்றிக் கொடுத்துத் தீர்ந்ததும் பியூஃபர்ட், வெர்லீன் அம்மாளிடம் ஓடினார். அவர் வந்து பார்த்தார். ஒரு கிழவி பொரித்த போலோனா இறைச்சி சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி அவரையே மடக்கினாள்.

"ஒரு வாரமா அந்தப் பய கோபுரத்துல நிக்கிறானே. எறங்குனானா, இல்லையா?"

வெர்லீன் அம்மாள் வேறு சபை, மெதடிஸ்ட். பாப்டிஸ்ட் கோயில் செய்தி அவருக்கும் தெரியாது. தெரியாதது அவரையும் ஒரு வாரமாக அரித்திருக்க வேண்டும். நேராகப் போய் மெக்கானிக்கின் ரேடியோவை வாங்கினார்.

"ஓடெல், க்ளோவிஸ் எறங்குனானா?"

"மிஸ் வெர்லீன், அது அஞ்சு வார்த்தைல அடங்காதுங்க."

"அடங்க வேணாம். சொல்லு. ஆனா வார்த்தை முதல்ல, கதை அப்புறம்."

பச்சைக் கொடி விழுந்தது. ஓடெல் மடை திறந்தான். பிரசங்கம் நீண்டுகொண்டே போனதால் க்ளோவிஸ் பொறுக்கமாட்டாமல் மணியை அடித்தான். மணி கேட்டதும் ஊரில் தீ என்று தீயணைப்புத் தொண்டர்கள் ஓடினார்கள். ஏணி வண்டியை எடுக்க முடியவில்லை. அந்த வண்டிக்கு ஓட்டுநரே க்ளோவிஸ்தான். சாவி கோபுரத்தில், அவன் சட்டைப்பையில்.

"சாவிய மேலேருந்து வீசுனான் லமார். அது நேராப் போயி... வெளிப்பக்கம். வெளிப்பக்கம். இன்னும் வெளிப்பக்கம். கிளியர். பாஸ்டர் சம்சாரம் விருந்துக்குக் கொண்டாந்த உருளைக்கிழங்கு சாலட்டுல."

பாதையில் சிரிக்கும்படி ஒன்றுமே நடக்காத அந்தச் சுற்றில் அரங்கம் மொத்தமும் சிரித்தது. மேடையில் நின்ற கொடிக்காரர் தன் சாவி இருக்கிறதா என்று கால்சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

எழுபத்தொன்று பதினோராவதாக முடிந்தது. ஆறாவது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியல்ல. வெர்லீன் அம்மாள் தன் அண்ணன் மகனைப் பியூஃபர்ட்டிடம் பேட்டரி மாற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஓடெல் கூரையிலேயே இருந்தான். கதையை எந்தச் சொல்லின் நடுவிலும் வெட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டான்.

அன்று லமார் கதவு திறக்காத பந்தயக் காரிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கியதும் எத்தனாவது இடம் என்று கேட்கவில்லை. ஓடெல் ஏணியில் இறங்கி வரும்வரை காத்திருந்தார்.

"அந்த சாலட்ட என்னடா பண்ணுனீங்க?"

"நாங்க பாப்டிஸ்ட்டுடா," என்றான் ஓடெல். "சாவிய மட்டும் எடுத்தோம்."