யார் கையும் படாமல்: முக்கொம்பிலிருந்து அம்மா மண்டபம் வரை

முக்கொம்பில் படகைத் தண்ணீரில் தள்ளியபோது காலை எட்டரை மணி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். மேட்டூர் திறந்து, காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் வரை ஆற்றோடு சுமார் பதினாறு கிலோமீட்டர். முதுகில் மேற்குக் காற்று. ஆறும் காற்றும் ஒரே பக்கம் போகிற இந்த மாதத்தை விட்டால் எனக்கு வேறு மாதம் கிடையாது.

படகு என் கணவர் ஆரோக்கியம் பிளைவுட்டில் கட்டியது. இரண்டு ஒல்லிப் படகுகள், அவற்றை இணைத்து நடுவே ஒரு கித்தான் விரிப்பு, இருபதடிக் கம்பத்தில் பாய். உறையூரிலிருந்து அதை ஏற்றி வந்த வேன் டிரைவர், “கட்டுமரம்னீங்க, ரெண்டு படகைல்ல ஏத்தியிருக்கீங்க” என்று குறைப்பட்டார். நம்முடைய கட்டுமரம் என்ற சொல்தான் கப்பலேறிப் போய், இங்கிலீஷில் ‘கேட்டமரான்’ ஆகி, இந்த உருவத்தில் திரும்பியிருக்கிறது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

இதுவரை நாங்கள் இருவருமாகத்தான் போவோம். கவிழ்ந்தால், மேலே நிற்கும் படகின் வழியாகக் கயிற்றைப் போட்டு, கீழ்ப்படகில் நின்று பின்னால் சாய வேண்டும். அதற்கு எடை வேண்டும். அது ஆரோக்கியத்திடம் தாராளமாக இருக்கிறது. நானோ நாற்பத்தைந்து கிலோ. தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தார்: வழியில் யாராவது கை கொடுத்தால் இதுவே என் கடைசித் தனிப் பயணம். சரி என்றேன். விரிப்பில் நான் கட்டியிருந்த பெரிய ரெக்சின் பையைச் சாப்பாட்டுப் பை என்று நினைத்துக்கொண்டு அவர் வேனிலேயே அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டார். அதில் புளியோதரை இருந்தது உண்மைதான்.

ஜீயபுரம், முத்தரசநல்லூர் எல்லாம் சைக்கிளில் போவதைவிட வேகமாகப் பின்னால் போயின. கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கம்பரசம்பேட்டை தாண்டி மலைக்கோட்டை தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. காற்று பாயின் பின்பக்கம் புகுந்ததைக் கவனிக்கவில்லை. பாய் படாரென்று மறுபக்கம் அடித்தது. அடுத்த நொடி நான் தண்ணீரில். படகு பக்கவாட்டில் கிடந்தது.

கயிற்றைப் போட்டுச் சாய்ந்தேன். அசையவில்லை. ஆறு எங்களைக் காவிரிப் பாலத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் பாலத்துக்கு முன்னால். அதைத் தவறவிட்டால் தூணில்தான் மோத வேண்டும். எங்கிருந்தோ ஒரு பரிசல்காரர் வேகமாகத் துழாவி வந்து கை நீட்டினார்.

“தொடாதீங்க. பக்கத்துலயே இருங்க.”

“பாலம் வருதும்மா.”

“தெரியுதுங்க.”

பையிலிருந்த புளியோதரையைக் காவிரிக்குக் கொடுத்தேன். பை நிறையத் தண்ணீர் மொண்டு, வாரைத் தோளில் மாட்டி மறுபடி சாய்ந்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பயமாகவும் இருந்தது. பாய் மெல்லத் தண்ணீரை விட்டு எழுந்தது. காற்று அடியில் புகுந்தது. படகு தொப்பென்று நிமிர்ந்தது. பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா மண்டபத்துப் படிகளை ஒட்டிய மணலுக்குத் திருப்பினேன். ஆரோக்கியம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“இன்னும் கரை ஏறலைங்க” என்றேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் படகை மணலில் ஏற்றி முடிக்கும்வரை அப்படியே பக்கத்தில் நடந்து வந்தார். பிறகு ஈரப் பையை எடுத்து ஒரு முறை தூக்கிப் பார்த்தார்.

“அடுத்த தடவை உன்ன எங்க இறக்கி விடணும்?”

“கொள்ளிடத்துல” என்றேன்.