அப்பாவின் கண்ணுக்கெட்டிய தூரம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது என்னை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். வண்டலூர் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனின் பைக்கில் நான் உட்கார்ந்திருந்ததைச் சித்தப்பா பார்த்துவிட்டார். பையன் வீடு பம்மலில். அவனுடைய அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் வேறெதையும் விசாரிக்கவில்லை. அன்று சாயங்காலமே போனை வாங்கிக்கொண்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

முடிச்சூரில் எங்கள் வீட்டில் கீழே சித்தப்பா குடும்பம், மேலே நாங்கள் மூன்று பேர். சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை இருவருக்கும் பொது. அதில் பேசுகிறவர் சித்தப்பா, லோடு இறக்குகிறவர் அப்பா. அப்பாதான் மூத்தவர். ஆனால் சித்தப்பா ஒன்று சொல்லி அப்பா மறுத்து நான் பார்த்ததில்லை. கீழ் கிரில் கேட்டின் சாவி சித்தியிடம் இருந்தது. எதற்காவது இறங்கினால், "இன்னாம்மா வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்பார். பதில் சொல்வதற்குள் எனக்கு ஏறிப் போய்விடலாம் என்று தோன்றிவிடும்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அபார்ட்மெண்டின் சுவர். அதில் ஒரு ஏசி பெட்டி, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர். பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. முடி கொட்டியது. ஜாதகத்தை யாரிடமோ கொடுத்திருப்பதாகச் சித்தி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குக்கூட என்னால் எழுந்து போய்ச் சண்டை போட முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். யாரோ பயன்படுத்திய ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு அப்பா காலையில் கிளம்ப ஆரம்பித்தார். ஒருநாள் சாப்பிடும்போது அம்மா சொன்னாள்.

"இவ இப்படியே படுத்துக் கிடந்தா பைத்தியம் புடிச்சிரும். உங்களோட கூட்டிட்டுப் போங்க."

அப்பா எழுந்து கை கழுவினார். கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தார். தன் பெண்ணைச் சைக்கிளில் கூட்டிப்போவதற்குத் தன் தம்பியிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்தார். சித்தப்பா சரி என்றாராம். மறுநாள் காலை கேட் அருகே நின்று அவரே சொன்னார்: "அவ முன்னாடி போவட்டும்ணா. நீ பின்னாடியே போ. கண்ணுக்குத் தெரியற தூரம்தான், ஆமா."

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் என்னிடம் இருந்தது. முன்னால் கம்பிக் கூடை வைத்தது. அந்தக் கூடையில் ஒரு துணிப்பையைப் போடுவாள் அம்மா. தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். நடுவில் எதுவும் சாப்பிடாவிட்டால் அவருக்குக் கை கால் நடுங்கி வியர்த்துக் கொட்டும். அவருடைய சைக்கிளில் கூடை கிடையாது என்பதால் பை என்னிடம்.

தெருவைத் தாண்டி, வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஏறி, மண்ணிவாக்கம் வரைக்கும் போய்த் திரும்புவோம். நான் முன்னால், அவர் பின்னால். அவருடைய சைக்கிளில் மட்கார்டு லூசாக இருந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தடதடக்கும். திரும்பிப் பார்க்காமலே அவர் எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று எனக்குத் தெரியும். நான் வேகமாக மிதித்தால் அந்தச் சத்தமும் வேகமாகும். நான் மெதுவாகப் போனால் அதுவும் தயங்கும். கயிற்றைக் கட்டி ஓட்டிப் போகிற மாட்டுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வாரம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து குரல் வர ஆரம்பித்தது.

"லெஃப்ட்ல பள்ளம்."

"மண்ணு கிடக்கு, பிரேக் புடிக்காத."

"தண்ணி லாரி வருது, ஓரம் வா பாப்பா."

அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா இதற்கு முன் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. காலையில் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து, தீபாவளிக்குத் துணி, இப்படித்தான் அவரை எனக்குத் தெரியும். இப்போது தினமும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் தூங்காமல் வந்த நாளில் அது அவருக்குத் தெரிந்தது. "இன்னிக்கு பாதியிலயே திரும்பிடலாமா?" என்று கேட்பார்.

மண்ணிவாக்கத்தில் ஒரு டீக்கடை. எனக்குச் சர்க்கரை போட்டது, அவருக்குப் போடாதது. ஒருநாள் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முழுதாகக் குடித்தார். என் கையிலிருந்த டீ கசந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டோடு அடைபட்ட பிறகு நான் சிரித்தது அன்றுதான். திரும்பி வரும்போது அதை நினைத்து என் மேலேயே கோபம் வந்தது. என்னைப் பூட்டி வைத்தவர்களில் அவரும் ஒருவர். அவரோடு போகிற காலைக்காக நான் முந்தைய நாள் மத்தியானத்திலிருந்தே காத்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "சித்தப்பா சொன்னா எல்லாத்துக்கும் சரின்னுடுவீங்களாப்பா?"

மட்கார்டு சத்தம் கொஞ்சம் பின்தங்கியது. பிறகு, "எதிர்க்காத்து அடிக்குது, பேசாம மிதி" என்றார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை. சர்வீஸ் ரோட்டில் ஒரு சிறு பாலத்துக்கு முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் ஓரமாகத் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் தடதடவென்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா சைக்கிளை நிறுத்தி, குனிந்து செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

திட்டம் எதுவும் போடவில்லை. கால் தானாக மிதித்தது. அடுத்த திருப்பத்தில் வளைந்து முடிச்சூர் ரோட்டுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து நேராகத் தாம்பரம். பால் வண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள். யாராவது தெரிந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. காதில் காற்று மட்டும் அடித்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில்தான் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. சட்டை முழுக்கச் சேறு. படியில் ஜனம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. காலேஜ் பை மாட்டிய ஒரு பெண்ணிடம் போய், "அக்கா, ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுமா?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

எனக்கு அவன் நம்பர் தெரியவில்லை.

தினமும் பேசியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் நம்பரை அழுத்திப் பேசியதில்லை. பெயரைத் தொட்டால் மணி அடிக்கும், அவ்வளவுதான். முதல் பாதி நினைவுக்கு வந்தது. மீதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை மணி அடித்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர் எடுத்து, "யாரும்மா, இன்னா வேணும்?" என்றார். வைத்துவிட்டேன். அந்தப் பெண் ரயில் வருவதாகச் சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பம்மலுக்குச் சைக்கிளிலேயே போயிருக்கலாம். போகத் தெரியும். அவன் வீடு எந்தத் தெரு என்று தெரியாது. தெரிந்தாலும் அந்த வீட்டு வாசலில் இப்படிச் சேற்றோடு போய் நின்று என்ன சொல்வது? இத்தனை நாளாக வெளியே போனால் போதும் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்த பிறகு எங்கே என்று நினைத்தே பார்க்கவில்லை. சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கூடையில் இருந்த துணிப்பை கண்ணில் பட்டது. அதற்குள் பிஸ்கட் பாக்கெட்.

வந்ததைவிட வேகமாகத் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கையில் கிடைத்ததை நானே திருப்பிக் கொடுக்கப் போகிறேனே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். பிஸ்கட்டை மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்பா அதே சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். செயினை மாட்டி முடித்திருந்தார். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். முகம் வெளிறி, நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. நான் பாக்கெட்டை நீட்டினேன். அவரால் பிரிக்க முடியவில்லை, விரல் நடுங்கியது. நானே பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கை கறுப்பாக இருந்ததால் வாயைத் திறந்தார். ஊட்டினேன். பாதி பாக்கெட் தீர்ந்த பிறகுதான் பேசினார்.

"தாம்பரம் வரைக்குமா போன?"

"ம்."

"அந்தப் பையனுக்கு போன் பண்ணியா?"

"நம்பர் ஞாபகம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கும் உங்கம்மா நம்பர் தெரியாது" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். உதடு கோணி, கண் கலங்கிவிட்டது.

அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. "சித்தப்பாக்கு ஏன் போன் பண்ணல?" என்று கேட்டேன்.

"பண்ணா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

வீட்டு வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். "இன்னாண்ணா, இவ்ளோ நேரம்?" என்றார். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "செயின் கழண்டுடுச்சி." அவர் தன் தம்பியிடம் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். சொல்லிவிட்டு மேலே வராமல் பைப்படியில் வெகுநேரம் கை கழுவினார்.

அதன் பிறகு சர்வீஸ் ரோட்டில் ஏறியதும் அப்பா என் பக்கத்திலேயே வந்தார். தெருவுக்குள் நுழையும்போது மறுபடி பின்னால் போய்விடுவார். ஒருநாள் டீக்கடையில், "பரீட்சை எழுதணும்பா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று கீழே பெரிய சத்தம். சித்தப்பாவின் குரல்தான் கேட்டது. அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. அரை மணி நேரம் கழித்து மேலே வந்து, "திங்கக்கிழமையிலேர்ந்து போ. நான் கொண்டுபோய் விடுவேன், நானே வந்து கூட்டியாருவேன்" என்றார்.

மீதமிருந்த கல்லூரி நாட்களெல்லாம் அப்படித்தான் போயின. காலையிலும் சாயங்காலமும் கல்லூரி கேட் எதிரே அப்பா சைக்கிளோடு நிற்பார். கூடப் படித்தவர்கள் "உன் செக்யூரிட்டி வந்தாச்சு" என்பார்கள். மற்றவர்களெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பானிபூரி சாப்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே அவரோடு மிதித்து வீட்டுக்கு வருவேன். சித்தப்பாவை வெறுப்பது சுலபமாக இருந்தது. அப்பா வெயிலில் நின்று, நான் வந்ததும் கைக்குட்டையால் என் சீட்டைத் துடைத்து வைப்பார். அவரை என்ன செய்வது?

தோழியின் போனிலிருந்து அந்தப் பையனைக் கடைசியில் பிடித்தேன். யாரோ இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார்கள். அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்துவிட்டான். "எங்கம்மா ரொம்பப் பயந்துட்டாங்க. வேணாம், விட்ரு" என்றான். நான் சரி என்றேன். அன்று சாயங்காலம் அப்பா வழக்கமான வழியில் போகாமல் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தி எனக்குக் கேக் வாங்கித் தந்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

இப்போது பெருங்களத்தூரில் ஒரு ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஸ்கூட்டி இருக்கிறது, போன் இருக்கிறது. கேட்டை யாரும் பூட்டுவதில்லை. வருகிற வரன்களையெல்லாம் அப்பா ஏதாவது குறை சொல்லித் தட்டிக்கழிக்கிறார். சித்தப்பாவுக்கு அதில் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளை எடுக்கிறோம். அப்பாவுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை, நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஆபீஸில் ஹைதராபாத் கிளைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். டீக்கடையில் அப்பாவிடம் சொன்னேன். டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே, "எவ்ளோ நாளைக்கு?" என்றார்.

"தெரியல. ரெண்டு மூணு வருஷம் ஆவலாம்."

"போயேன்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு டீ ஆறிவிட்டதென்று கடைக்காரரிடம் சத்தம் போட்டார். அவர் யாரிடமும் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

போகக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பேன். மானேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.