ராபியா கடை வயர்

ராபியா வயர் நுனியை மடக்குகிறார், நகத்தால் சீவுகிறார், தீக்குச்சியைக் காட்டுகிறார். குச்சியை விலக்கியதும் மேலுறையில் பற்றிய தீ தானாக அணைய வேண்டும். அணைந்தால்தான் அந்தச் சுருள் அவருடைய கடை அலமாரிக்குப் போகும். மணமேல்குடி கடைத்தெருவில் இந்த எலெக்ட்ரிக்கல் கடைக்குள் காலையில் நுழைந்தால் பிளாஸ்டிக் கருகிய நெடிதான் வாங்க என்று கூப்பிடும்.

"செம்பை எல்லாரும் பாக்குறாங்க. தோலை யாரு பாக்குறா? கரண்டைக் கட்டி வச்சிருக்கிறது தோலுதானேங்க" என்பார்.

தோட்டத்து மோட்டாருக்கு வீட்டு வயர் கேட்டு வருகிறவர் பாடு திண்டாட்டம். "தண்ணிக்குள்ள கெடக்குறதுக்கு ஒண்ணு, வெயில்ல கெடக்குறதுக்கு ஒண்ணு. மழைக்கோட்டு போட்டுக்கிட்டா தூங்குறீங்க?" கணவர் குவைத்தில் இருக்கிறார். வீடியோ காலில் அவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள், ராபியா அங்கே சுவரில் ஓடும் கேபிளைக் காட்டச் சொல்வார். அந்த மனிதரும் பொறுமையாகக் காட்டுவார்.

ராபியா சோதிக்காமல் விற்றது ஒரே சரக்கைத்தான். தம்பி தௌஹீத் புதிதாக ஏஜென்சி எடுத்துக் கொண்டுவந்த வயர் அது. கூடப் பிறந்தவன் ஆசையாக இறக்கிய சரக்கை அவன் கண்ணெதிரே கொளுத்திப் பார்க்கக் கூச்சம். ஆறு சுருள் அன்புமொழி டீச்சரின் புது வீட்டுக்குப் போயிற்று.

போன புதன்கிழமை அதன் மிச்சத் துண்டால் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டினார். முடிச்சுப் போட்ட இடத்தில் உறை வெளுத்து வெடித்தது. கொளுத்தினார். குச்சியை எடுத்த பிறகும் வயர் நின்று எரிந்தது. டீச்சர் வீட்டில் வெள்ளிக்கிழமை குடிபுகுகிறார்கள். வயர் முழுக்கச் சுவருக்குள் போய்விட்டது. இவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடையைப் பூட்டிவிட்டு, நல்ல வயரோடும் வயர்மேனோடும் ஆட்டோவில் போய் இறங்கினார்.

"டீச்சர், தப்பு எம்மேலதான். பாக்காமக் குடுத்துட்டேன். எல்லாத்தையும் உருவி மாத்தித் தாரேன்."

டீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. "நாளன்னைக்குப் பால் காய்ச்சணுமேங்க! ஊரெல்லாம் சொல்லியாச்சே."

"காய்ச்சுங்க. அதுக்குள்ள லைட்டு எரியும்."

பைப்புகளிலிருந்து வயர்மேனோடு சேர்ந்து இவரும் இழுத்தார். உள்ளங்கை கன்றிப்போனது. வெட்கத்தில் டீச்சரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் மதியம் செய்தி கேட்டு தௌஹீத் பைக்கில் வந்தான். டீச்சர் வீட்டு வாசலில் மலையாகக் குவிந்து கிடந்த வயரைப் பார்த்ததும் அவன் குரல் உடைந்தது. "ராத்தா, சத்தியமா எனக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்." அவன் பொய் சொல்லவில்லை, அக்காளுக்கு அது தெரியும். பிறகு மெதுவாக, "எங்கிட்ட குடுத்துரு ராத்தா. விராலிமலைப் பக்கம் ஒரு கடையில தள்ளிவிட்டுடுறேன்" என்றான்.

ராபியா வயர்மேனிடம் கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வயரை எடுத்து, எந்தச் சுவருக்கும் எட்டாத நீளத்துக்கு, சாண் சாணாக வெட்டத் தொடங்கினார்.