கணவாயில் கொடுத்த சாவி

இஷ்பெல் மக்லென்னன் எங்கள் ஏரிக்கரைக்காரி. லோக்கரன் ஊருக்கு அப்பால், சாலை முடிந்துபோகிற இடத்தில் தனியாக இருக்கிறாள். இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அதை விட்டபின் சொந்தக் காரில் வெளியூர்க்காரர்களை மலை, ஏரி, கடற்கரை என்று ஒருநாள் சுற்றிக் காட்டிவந்தாள். ஒரு ஆட்டைக்கூட அவள் வண்டி உரசியதில்லை.

ஒரு செப்டம்பர் காலையில் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது தீய்ந்த வாசனைதான். கரண்டி தரையில் கிடந்தது. நடுவில் எத்தனை நிமிஷம் போயிற்று என்று தெரியவில்லை. விழவில்லை, வலிக்கவும் இல்லை. நின்ற நிலையிலேயே எங்கோ போய்வந்திருக்கிறாள்.

தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போனால் முதலில் லைசென்ஸைப் பிடுங்குவார்கள். கடைக்கே ஏழு மைல். சட்டியை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கனடாவிலிருந்து வந்த அக்காவும் தங்கையும் விடுதி வாசலில் காத்திருந்தார்கள். அக்கா வெர்னாவுக்கு எழுபது வயது, கறார் பேச்சு. தங்கை ஆட்ரி எதையும் ஆசையாகக் கேட்பவள். கிஷோர்ன் ஏரிக்கரை வரை இஷ்பெல் வழக்கம்போலப் பேசினாள். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே ஓட்டினாள். நினைவு இருக்கிறதா என்று பார்க்க, கடந்துபோன தந்திக் கம்பங்களை மனசுக்குள் எண்ணினாள்.

பியலாக் கணவாயில் ஏறத் தொடங்கியதும் மேகம் இறங்கிவிட்டது. ஒரே வண்டி போகிற பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தகரத் தடுப்பு, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"இஷ்பெல்," என்றாள் ஆட்ரி பின்னாலிருந்து. "மூணு தடவை கேட்டுட்டேன். காதுல விழலையா?"

இஷ்பெல் சாலையைப் பார்த்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டியிருந்தார்கள். அதில் வண்டியைத் திருப்பியது அவளுக்கு நினைவில்லை.

எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடம் இருபது அடியில் இருந்தது. அந்த இருபது அடியை நடை வேகத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினாள். கைபிரேக்கை இழுத்தாள். சாவியை உருவி ஆட்ரியிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

காலையில் நடந்ததைச் சொன்னாள்.

"தெரிஞ்சேதான் எங்கள ஏத்துனீங்களா?" என்றாள் வெர்னா.

"ஆமா."

"என் தங்கச்சிக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."

"தப்புதான். எனக்குப் பயமா இருந்துச்சு."

"இப்ப எங்களுக்கு இல்லையா?"

போனில் சிக்னல் இல்லை. அந்த மலைப்பாதையில் ஓட்டும் துணிச்சல் அக்கா தங்கை இருவருக்கும் இல்லை. காற்று காரை உலுக்கியது. மறுபடி எப்போது நினைவு தப்புமோ என்று இஷ்பெல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்ரி ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும், "இருக்கேன்," என்றாள் இஷ்பெல்.

நாற்பது நிமிஷம் கழித்து மேலேயிருந்து ஒரு வேன் வந்தது. குழாய் வேலை பார்க்கும் ரூரி, அவளோடு பள்ளியில் படித்தவன். தலையை வெளியே நீட்டினான்.

"என்ன இஷ்பெல், மேகத்தப் பாக்கவா கூட்டிட்டு வந்த? காசு வாங்கிட்டு இதையா காட்டுவ?"

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். வேனை ஓரங்கட்டிவிட்டு, விஷயத்தைக் கேட்டு, ஆட்ரியிடம் சாவியை வாங்கி, இஷ்பெலின் காரைத் தானே கீழே ஓட்டிவந்தான். ஒவ்வொரு வளைவிலும் இஷ்பெலின் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். கை கால் இழுக்காமல் நினைவை மட்டும் அறுக்கிற வகை. லைசென்ஸ் போயிற்று. மாத்திரை தொடங்கினாள். ஒரு வருஷம் ரூரியின் மனைவிதான் சாமான் வாங்கிவந்து போட்டாள்.

லைசென்ஸ் திரும்பி வந்தபிறகு ஏரிக்கரையோடு கடைவரை ஓட்டிப் போகிறாள், தனியாக. யாரையும் ஏற்றுவதில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்ற என்னைக்கூட ஒருநாள் ஏற்றவில்லை. கண்ணாடியை இறக்கி, "கோவிச்சுக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.