போட்டோகொப்பிக் கடைக்காரர் போட்ட கணக்கு

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்குப் போட்டோகொப்பிக் கடை. ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் பேனா. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால், பிள்ளைகளின் புள்ளியை வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு, எந்தக் கெம்பஸ் கிடைக்கும், தங்கிப் படிக்க என்ன செலவாகும் என்று சொல்லுவார்.

என் தம்பியோடு நானும் போனபோது, அவன் மகளுக்கு மட்டக்களப்புக் கெம்பஸ் கிடைக்கும் என்றார். தம்பிக்கு அனுப்ப மனமில்லை.

"செலவச் சொல்லுங்க" என்றான்.

அவர் கல்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்.

"அடேயப்பா! பாத்தியாக்கா? நம்மளால ஏலாது."

"பொறுங்கண்ணே. இது புள்ளய வீட்டுல வச்சிருந்து கல்யாணம் கட்டிக்குடுக்குற செலவு. கெம்பஸ் கணக்கு இனித்தான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நக வெல சரிதானேக்கா?"

வெளி ஆட்களிடம் வாய் திறக்காத நான், இலக்கத்தைப் பார்க்காமலே பலமாகத் தலையாட்டினேன்.

பிள்ளை இப்போது மட்டக்களப்பில் படிக்கிறாள். எத்தனை பவுன் என்று யாரிடமும் கேட்காமல் அந்த மனிதர் எதைத்தான் தட்டினாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.