பொறுப்பு மாப்பிள்ளையும் குற்றாலத்துச் சொதியும்

தென்காசியில் அந்தக் காலத்தில் மனிதர்கள் கூடுவதற்குப் பல காரணங்கள் இருந்தன. பஜனை, வாசகசாலை, சீட்டாட்டம், கட்சி. எந்தக் கூட்டமானாலும் கடைசியில் வடையும் காப்பியுமாகத்தான் முடியும். நாங்கள் நாலு பேர் முன்பகுதியை வெட்டிவிட்டு நேரடியாக வடைக்கு வந்தவர்கள்.

ஐம்பதுகளின் கடைசி. நான் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் கூட்டத்தின் தலைவர் என் ஹெட் கிளார்க். ஒரு மனுவை மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கும் பொறுமைசாலி. ரசம் வரச் சற்றுத் தாமதமானால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். அடுத்தவர் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் சேலை, கைலி கொண்டுபோய் விற்கிறவர். எங்களுக்கு அவர் பாய். கைலியின் இழையைத் தடவிப் பார்ப்பதுபோல் தோசையின் ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். நாலாவது ஆள் உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார். முப்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி.

சாரல் காலத்தில் ஞாயிறுதோறும் குற்றாலம் போவோம். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, தலை துவட்டும்போதே பசி வந்து தோளில் கைபோடும். அப்படியே ஈரத் துண்டோடு எங்கள் வழக்கமான சைவ ஓட்டலுக்கு நடப்போம். கூட்டம் என்றால் விதிகள் வேண்டுமே என்று நான் சில எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் வாயிலேயே பாராட்டக் கூடாது. பக்கத்து இலையைப் பார்க்கலாம், பெருமூச்சு விடக் கூடாது. யாராவது இலையில் மிச்சம் வைத்தால் அன்றே விசாரணை நடத்தி முடிவு காண வேண்டும்.

கடைசி விதிக்கு வேலை வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் இலையில் ஒன்றரை இட்லி அப்படியே கிடந்தது.

“என்ன வே, இட்லி மிஞ்சிக் கெடக்கு?” என்றார் ஹெட் கிளார்க்.

“பசிக்கல அண்ணாச்சி.”

“குத்தாலத்துல குளிச்சிட்டு வந்து பசிக்கலன்னு சொன்ன மொத ஆளு நீருதான். வயித்துக்கு என்ன?”

“வயித்துக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு.”

விசாரணையில் முழு விவரமும் வந்தது. வாத்தியார் இதற்கு முன் பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களும் தட்டிப்போனது எங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் பஜ்ஜி மாவில் அரிசிமாவு போதாது என்றார். மற்றொரு இடத்தில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கேசரியை மறுபடி கேட்டார். மூன்றாவது இடம் வீரகேரளம்புதூர். தகப்பனார் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; தென்னந்தோப்பு உண்டு. அங்கேயும் இவர் சும்மா இருக்கவில்லை. கேசரியில் முந்திரி சரியாக வறுபடவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல்:

“சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நல்லா வறுபட்டிருக்கும். அவசரப்பட்டு வந்துட்டு முந்திரியக் குத்தம் சொன்னா?”

வாத்தியார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். கட்டினால் இவளைத்தான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார். தகப்பனாரோ “கலந்து பேசிச் சொல்லுதோம்” என்று அனுப்பிவிட்டார். அரசாங்கத்திலும் கல்யாணத்திலும் இந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

“பேசாம இருந்திருக்கலாம்லா வே?” என்றார் பாய்.

“முந்திரி வெள்ளையா இருந்துச்சு பாய்,” என்றார் வாத்தியார் பரிதாபமாக.

பதில் வரும்வரை இவரைச் சாப்பிட வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. இதுவரை எந்தக் கடையிலும் போடாத சாப்பாட்டை வாங்கிக் கொடுப்பது. ஹெட் கிளார்க் கண்ணை மூடிச் சற்று யோசித்துவிட்டு, “சொதி,” என்றார்.

எங்கள் சீமையில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப் பாலில் வெந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் மணக்க, எலுமிச்சம் பழம் பிழிந்து இறக்குகிற குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்து உட்காரவைத்து, மறுவீட்டுச் சாப்பாடாக இதைத்தான் போடுவார்கள். மாப்பிள்ளையோடு போகிற நாலு பேருக்கும் கிடைக்கும். அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பதற்காகவே ஆகாத உறவோடும் சமாதானமாகப் போனவர்களை நான் அறிவேன்.

ஓட்டல்காரர் தயங்கினார். “அண்ணாச்சி, இது கடையில போடுத சாப்பாடு இல்லல்லா. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குப் போடுதது. கேட்டா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். தேங்காப் பால் திரியாம இருந்தாச் சரி,” என்றார் ஹெட் கிளார்க்.

அடுத்த ஞாயிறு வந்தது. வீரகேரளம்புதூரிலிருந்து பதில் வரவில்லை. வாத்தியார் அருவியில்கூட ஓரமாக நின்று பேருக்கு நனைந்துவிட்டு வந்தார். ஓட்டலின் பின்கூடத்தில் தரையில் இலை போட்டிருந்தது. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற தவசிப்பிள்ளை ஒருவரைச் செங்கோட்டையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். தேங்காய்ப் பால் வாசனை கூடம் முழுக்க நின்றது. வாளி மட்டும் வரவில்லை. தவசிப்பிள்ளை வாளியைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நின்றார்.

“மாப்பிள்ளை யாரு?”

“மாப்பிள்ளைன்னு ஒருத்தரும் இல்ல. நாங்க சாப்பிட வந்தவங்க,” என்றேன்.

“மாப்பிள்ளை இலையில விழாம என் சொதி பந்திக்கு வந்ததில்ல. இன்னைக்கும் வராது.”

சிக்கல்தான். ஆனால் நிர்வாகம் அறிந்தவர்கள் எதற்கும் கலங்குவதில்லை. ஒரு பதவி காலியாக இருந்தால் பக்கத்து மேசைக்காரரைப் பொறுப்பாகப் போடுவது எங்கள் அலுவலகத்தில் அன்றாடம் நடப்பது. ஹெட் கிளார்க் எழுந்து நின்று, கூட்டத்தில் ஒரே பிரம்மச்சாரியான கணக்கு வாத்தியாரைப் பொறுப்பு மாப்பிள்ளையாக நியமித்தார். சொதி பரிமாறப் பெண் வீட்டார் வேண்டுமே என்றதும் பாய் பொறுப்பு மாமனாரானார். ஓட்டல்காரர் உற்சாகமாகிச் சந்தனக் கிண்ணமும் மணைப்பலகையும் கொண்டுவந்தார். வாத்தியார், “வேண்டாம் வே, வெளையாடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே பலகையில் உட்கார்ந்தார். கையில் சந்தனம் பூசினதும் சொதி வாளி இலைக்கு வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

சாப்பிட்டார். எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். இஞ்சித் துவையலை விரலால் வழித்தார். பாய் ஈரத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, வாளியோடு வாத்தியார் முன்னால் குனிந்து, மாமனார் வேலையை மனப்பூர்வமாகப் பார்த்தார்.

“கையை மறிக்காதீரும் மாப்ளே! எம் மவ மொகத்துக்காவ இன்னும் ஒரு கரண்டி!”

அப்போதுதான் வாத்தியாரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் பார்வை போன திசையில் நான் திரும்பினேன். கூடத்து வாசலில், கக்கத்தில் குடையோடு, வாட்டசாட்டமான ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

“அவங்க அப்பா,” என்றார் வாத்தியார்.

மாப்பிள்ளையின் நடத்தையைச் சொல்லாமல் வந்து விசாரிப்பது பெண்ணைப் பெற்றவர்களின் உரிமை. இவர் காலையில் தென்காசிக்கு வந்து வாத்தியாரின் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். பக்கத்து அறைக்காரர், “சேக்காளிகளோட குத்தாலம் போயிருக்காரு,” என்று சொல்லியிருக்கிறார். மதுவிலக்குக் காலத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி இதைவிட மோசமாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாது. ஏட்டையா மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகத் தேடி வந்திருக்கிறார். வந்தவருக்குச் சாராய வாடை கிடைக்கவில்லை. கிடைத்தது மணைப்பலகை, சந்தனம், சொதி, ஒரு மாமனாரின் முதுகு.

“நாங்க இன்னும் பதிலே சொல்லல. அதுக்குள்ள மறுவீட்டுச் சாப்பாடே ஆயிட்டோ?” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாங்கள் ஆளாளுக்கு ஒரே சமயத்தில் விளக்கம் சொன்னோம். ஹெட் கிளார்க் பொறுப்பு மாப்பிள்ளை நியமனம் என்றார், நான் தற்காலிக ஏற்பாடு என்றேன், ஓட்டல்காரர் அவர் பங்குக்கு, “மாப்பிள்ளை ரொம்ப நல்லவரு,” என்றார். வாத்தியார் எழுந்து நின்றார். கையில் சொதி வழிந்தது. ஏட்டையா குடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்.

“அய்யா, ஒரு நிமிசம்!” என்று பாய் வாளியோடு திரும்பினார். தலைத் துண்டு நழுவி விழுந்தது.

ஏட்டையா நின்று திரும்பினார். உற்றுப் பார்த்தார்.

“பாய்! நீரா?”

“நாந்தான் ஏட்டையா. போன மாசம்கூட வீட்டுக்குச் சேலை கொண்டாந்தேனே. இவரு பாத்த பொண்ணு உங்க மகதான்னு தெரியாமப் போச்சே.”

“உமக்கு ஏது வே மக? உமக்கு அஞ்சும் பயலுவல்லா!”

“இருந்தா இப்படித்தான் வெளம்புவேன்னு வச்சிக்கிடுங்களேன்.”

ஏட்டையாவின் உதடு முதலில் இழுத்துக்கொண்டது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அந்தக் கூடமே அதிரும்படி சிரித்தார். குடை கீழே விழுந்தது. “பொறுப்பு மாப்பிள்ளையாம்! நானும் ஸ்டேஷன் பொறுப்புப் பாத்தவன்தான் வே. இப்படி ஒரு போஸ்ட்டு இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு வேறு, சம்மதம் வேறு. அது எங்களுக்குத் தெரியும். வாத்தியாருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஏட்டையாவுக்கு இலை போட்டோம். அலைந்து வந்த பசி, உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“மொதப் பால ஊத்துன பொறவு கொதிக்க விட்டுட்டான். லேசாத் திரிஞ்சிருக்கு.”

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். நாங்கள் மூவரும் உடனே சொன்னோம். வாத்தியார் மட்டும் பேசாமல் இருந்தார். பாய் அவர் தொடையைக் கிள்ளினார். ஹெட் கிளார்க் கண்ணாலேயே உத்தரவு போட்டார். வாத்தியாரால் முடியவில்லை.

“கொதிக்கல அய்யா. எலுமிச்சம் பழத்த எறக்கி வச்சிட்டுப் பிழியணும். இவங்க அடுப்புல இருக்கும்போதே பிழிஞ்சிட்டாங்க. அதான் திரிஞ்சிருக்கு.”

முடிந்தது என்று நினைத்தேன். நாலாவது இடம் எந்த ஊரில் தேடுவது என்றுகூட மனசு போய்விட்டது. தவசிப்பிள்ளை அடுக்களையிலிருந்து, “ரெண்டும் இல்ல!” என்று கத்தினார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

ஏட்டையா வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்லயும் இதே வழக்குத்தான். நான் கொதிச்சுதும்பேன், எம் மக எலுமிச்சம் பழம்பா. எதுத்துப் பேசுததுக்கு வீட்ல ஒரு ஆளு பத்தாதுன்னு அவ இன்னொரு ஆளத் தேடிப் பிடிச்சிருக்கா.” பெருமூச்சு விட்டார். “ஒரு வாரமா என்னைச் சோறு திங்க விடல. அந்த வாத்தியாருக்கு என்ன பதில் சொன்னிய, என்ன பதில் சொன்னியன்னு.”

இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, பாயிடமிருந்து சொதி வாளியை வாங்கினார். வாத்தியாரின் இலையில் சோற்றைக் குழித்து, தம் கையாலேயே ஊற்றினார்.

“சாப்பிடும் மாப்ளே. எங்க வீட்டுச் சொதி இதைவிட நல்லா இருக்கும்.”

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. பாய் சந்தனக் கிண்ணத்தை எடுத்து எல்லோர் கையிலும் பூசினார். தவசிப்பிள்ளைக்கும் பூசினார். ஹெட் கிளார்க் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் மூவர் மனசிலும் இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையோட எத்தனை பேரு வரலாம் ஏட்டையா?”

ஏட்டையா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராக, வயிற்றிலிருந்து தொடங்கி நிதானமாகப் பார்த்தார்.

“தோப்புல தேங்கா எவ்வளவு கெடக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்றார்.