தீர்ந்தது என்று எழுதினேன்

என் கடையைக் காலி செய்து செல்போன் கவர் விற்கும் கடையாக்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முதன்முதலில் சொன்னது பஸ்ஸில்தான். கடலூர் முதுநகரில் ஏறி, ரெண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்த அதிசயமான காலை அது. அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நான் சிதம்பரத்தில், மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட், தீசிஸ், கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. தினமும் ஒரே பஸ்ஸில் கிளம்புவோம். அவர் சீக்கிரம் இறங்கிவிடுவார், நான் கடைசி வரைக்கும் போவேன். அன்றைக்கு இறங்கப் போகிற நேரம் பார்த்து என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. கடையில் இருந்த ரெண்டு கம்ப்யூட்டரும் கிழடு. உள்ளே இருந்த மென்பொருளுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அதுவே தினமும் திரையில் வந்து மிரட்டிக்கொண்டிருந்தது. புது மென்பொருள் போடலாம் என்றால் இந்த மெஷினுக்கு அது ஏறாதாம். போதாததற்குப் பிள்ளைகள் கொண்டு வருகிற பென்டிரைவில் இருந்து வைரஸ் வேறு. ஒரு தடவை ஒரு பையனின் ப்ராஜெக்ட் மொத்தத்தையும் முழுங்கிவிட்டது. அவன் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து நானும் அழுதேன். என் கொழுந்தனுக்கு வேலை எதுவும் அமையவில்லை. கடை இருக்கிற இடம் நல்ல இடம். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் அது என் கடை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற கடை. அதை எப்படி விடுவேன்?

எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் வராது, சாப்பாடும் இறங்காது. எதையாவது செய்தாக வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் போனில் தேட ஆரம்பித்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற, யாரும் யாருக்கும் சும்மா கொடுக்கிற, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மென்பொருள் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. திறந்தமூலம் என்கிறார்கள். அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவும் இருந்தது.

உடனே போய் உட்கார்ந்துவிடவில்லை. கொஞ்ச நாள் வாசலில் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். வேறு குழுக்களில் பட்ட அனுபவம் அப்படி. ஏதாவது கேட்டால், "இதுகூடத் தெரியாதா" என்று ஒருவன் ஆரம்பிப்பான், பின்னாலேயே நாலு பேர் சிரிப்பார்கள். இங்கே ஒரு பெரியவர் சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். ஆள் ஆளுக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பொறுமையாகச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தர்கூட நக்கல் அடிக்கவில்லை. இது வேற மாதிரி இடம் என்று மனசுக்குப் பட்டது.

புதுசாக வருகிறவர்கள் முதலில் தங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும், அது அங்கே வழக்கம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். ஊர் சிதம்பரம், கம்ப்யூட்டர் கிழடு, கடையைக் காப்பாற்ற வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வரவேற்று வரவேற்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதில் ரெண்டு பேர் என்னை விடவே இல்லை. ஒருத்தர் நார்வேயில் போஸ்ட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன அம்மா. இன்னொருத்தர் பிரேசிலில் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் யாருக்குத் தெரியும், எல்லாம் புனைபெயர்தான். நான் மனசுக்குள் நார்வே அக்கா, பிரேசில் அண்ணன் என்று வைத்துக்கொண்டேன்.

அவர்கள் சொன்னபடி முதலில் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஆன் பண்ணிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் எழுந்திருக்காத கம்ப்யூட்டர், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் எழுந்து நின்றது. தமிழ் எழுத்து அழகாக வந்தது. பிரிண்டரை மாட்டினேன், டெஸ்ட் பேஜும் வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே ரெண்டு கம்ப்யூட்டரிலும் புதுசை ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரர் ரொம்ப யோசித்துவிட்டு, பூஜை முடிந்து ஒரு வாரம் பார்ப்போம், வேலை ஓடவில்லை என்றால் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார். வீராப்பில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆயுத பூஜை என்றால் அவருக்கு உயிர். கம்பெனியில் பூஜை முடித்த கையோடு என் கடைக்கு வந்துவிடுவார். அந்த வருஷமும் வந்தார். தண்ணி ஊற்றிக் கழுவி, மாவிலை கட்டி, சந்தனத்தைக் கிண்ணம் நிறையக் குழைத்து வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தார். மானிட்டர், கீபோர்டு, பைண்டிங் மெஷின், ஸ்டேப்ளர், கால்குலேட்டர் எதையும் விடவில்லை. நான் பக்கத்துக் கடைகளுக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கப் போயிருந்தேன். பூஜை போட்ட பிறகு அன்றைக்கு எந்த மெஷினையும் தொடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக ஒரு ஆராய்ச்சி மாணவி தீசிஸோடு வந்து நின்றாள். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. காகிதம் இல்லை என்று திரையில் வந்தது. காகிதம் கட்டாக இருக்கிறது. எடுத்து உதறி வைத்தேன், இல்லை என்றது. புதுக் கட்டு பிரித்து வைத்தேன், அப்போதும் இல்லை என்றது. அந்தப் பெண், "அக்கா, நான் வேற கடையில எடுத்துக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள். திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சி அனுப்பினேன்.

வீட்டில் சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல். ஓசியில் வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும் என்றார். அடுத்த நாள் கொழுந்தன் கையில் டேப்போடு கடைக்கே வந்துவிட்டான். "அண்ணி, நீங்க வேலையப் பாருங்க, நான் சும்மா அளந்துக்கறேன்" என்று கண்ணாடி ஷெல்ஃப் எங்கே வரும், லைட் எங்கே வரும் என்று நான் உட்கார்ந்திருக்கும்போதே என் தலைக்கு மேலே அளந்தான். கத்தரிக்கோல் எதிரில்தான் இருந்தது. அவனும் நல்ல பிள்ளை, சும்மா விட்டேன்.

குழுவில் எழுதினேன். கேள்வி மேல் கேள்வி வந்தது. இந்தக் கட்டளையைத் தட்டுங்கள், வருவதை இங்கே ஒட்டுங்கள் என்றார்கள். தட்டினேன், ஒட்டினேன். பிரிண்டரை ஓட்டுகிற டிரைவர் என்கிற மென்பொருளைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், செய்தேன். இதற்கு நடுவில் சனிக்கிழமையும் வந்துவிட்டது. வெறும் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து என் பொறுமை போய்விட்டது. உங்கள் மென்பொருள் என் கடையைத் தின்றுவிட்டது, நீங்கள் எல்லாம் பொழுதுபோக்குக்குப் பேசுகிறீர்கள், எனக்கு இது பிழைப்பு என்று கண்டபடி எழுதிவிட்டேன். அனுப்பின பிறகுதான் பக்கென்றது. இனி என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நார்வே அக்காதான் முதலில் பதில் எழுதினாள். உங்கள் கோபம் நியாயம்தான், போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று எழுதியிருந்தாள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை. எதிர்க் கடையில் டீ சொல்லிக் குடித்தேன். கண் கலங்கியது, யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது பிரேசில் அண்ணன் ஒரு வேலை வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரை முழுசாகப் பிடுங்கிவிடுங்கள், பிரிண்டரில் இருக்கிற பட்டனை மட்டும் அழுத்திப் பிடியுங்கள், அது தானாகவே ஒரு பக்கம் அடிக்க வேண்டும் என்றார். பிடுங்கினேன், அழுத்தினேன். அதே சிவப்பு விளக்கு. எழுதினேன். அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, பிரிண்டரிலேயே இருக்கிறது, காகிதம் போகிற வாயைத் திறந்து படம் எடுத்துப் போடுங்கள் என்றார். அது பாழாய்ப்போன பிரிண்டர்தான், என் புது மென்பொருள் இல்லை என்று தெரிந்ததிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

போன் டார்ச்சைப் போட்டுப் படம் எடுத்துப் போட்டேன். பிறகு நார்வே அக்கா படத்தின் ஒரு மூலையைப் பெரிசாக்கி, வட்டம் போட்டு, ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள். மஞ்சளாக, நடுவில் சிவப்பாக இருக்கிறதே, இது இந்த மாடல் பிரிண்டருக்கு உள்ள பாகமா?

பார்த்தேன். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. சந்தனம். நடுவில் குங்குமம்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். பிளான்ட்டுக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பதால் டீ பிரேக் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் திரும்பக் கூப்பிட்டதும் முதல் கேள்வியே அதுதான்.

"மாமா, பூஜை அன்னைக்குப் பிரிண்டருக்கு எங்க பொட்டு வெச்சீங்க?"

"வாயிலதான். எங்க கம்பெனில எந்த மிஷினா இருந்தாலும் சரக்கு போற வாயில வெச்சாதான் கணக்கு. ஏன்?"

போனை வைத்துவிட்டேன். அந்த வாய்க்குள் காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்குக் கறுப்பாக ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. தாராளமாக வைத்த சந்தனம் வழிந்து போய் அதன் மேல் காய்ந்து, அதை அசைய விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரத் துணியில் துடைத்தேன். ஊறவிட்டு மறுபடி துடைத்தேன். நாக்கு டக்கென்று விழுந்தது. ஒயரை மாட்டி, தீசிஸின் முதல் பக்கத்தைக் கொடுத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளே உருளை சுற்றுகிற சத்தம் கேட்டது. சூடாகப் பக்கம் வெளியே வந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்க் கடை டீ மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஆராய்ச்சிப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க மொத்தத்தையும் அடித்துக் கொடுத்தேன்.

குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு. பிரச்சினை சரியானால் சொல்லாமல் போய்விடக் கூடாது. எதனால் வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதி, தலைப்பில் "தீர்ந்தது" என்று போட வேண்டும். பின்னால் வருகிறவருக்கு உதவும் என்பதற்காக. வீட்டுக்காரர் சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தார், பிறகு முகம் சுருங்கி, உலகம் பூரா என் மானத்தை வாங்காதே என்றார். மென்பொருள் பேரை நீங்கள் கெடுத்தபோது மானம் எங்கே போச்சு என்று கேட்டேன்.

எழுதினேன். எங்கள் ஊரில் வருஷத்தில் ஒரு நாள் மெஷின்களுக்கு நன்றி சொல்லுவோம், அவற்றுக்கு லீவு கொடுப்போம், பொட்டு வைப்போம், என் புருஷன் பாசத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாக வைத்துவிட்டார் என்று எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கேலி இல்லை. பிரேசில் அண்ணன் தன் கீபோர்டில் கொட்டின காப்பியின் கதையைச் சொன்னார். நார்வே அக்கா, முப்பது வருஷம் சீல் குத்திய தன் மெஷினுக்கு ஒரு நாள்கூட நன்றி சொன்னதில்லையே என்று வருத்தப்பட்டாள். "தீர்ந்தது" என்று நான் போட்ட அன்றைக்கே கொழுந்தனின் டேப்பும் சுருண்டு பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இப்போது வடலூரில் கவர் கடை போட்டு நன்றாக இருக்கிறான். அவன் கடைக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் ஏற்றிக் கொடுத்தது நான்தான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை கழிந்து சில நாளில் குழுவில் என் பழைய பதிவுக்குக் கீழே யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தார். எந்த ஊரோ, ஒரு ரைஸ் மில் ஆபீஸாம். பூஜைக்குப் பிறகு பிரிண்டர் காகிதம் இல்லை என்கிறது, தேடியதில் உங்கள் பதிவு கிடைத்தது, வாயைத் திறந்தேன், சந்தனம் இருந்தது, துடைத்தேன், ஓடுகிறது, நன்றி அக்கா என்று தமிழிலேயே எழுதியிருந்தார். அது வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு, "நான் மட்டும் இல்ல பாத்தியா" என்றார். அவருக்கும் அதில் ஒரு வெற்றி கிடைத்துவிட்டது.

அந்த வருஷப் பூஜையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்தார். ஆனால் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"எங்க எங்க வெக்கணும்னு நீயே சொல்லு."

கம்ப்யூட்டருக்கு ஓரம் காட்டினேன். பிரிண்டருக்கு மேல் மூடியைக் காட்டினேன். மிளகு அளவுக்கு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தும் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. விரலில் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டு வந்தார்.

"முதலாளிக்கும் ஒண்ணு" என்றார்.